நெற்றிச் சுருக்கத்துக்கு சர்ஜரி... காணாமல் போன மைக்ரேன்! நம்பலாமா?

ரீல்ஸ் சொல்வது ரியலா? - வாரத் தொடர்

"எங்க அக்காவுக்கு 14 வருஷமா ஒத்தைத் தலைவலி. மாசத்துல பாதி நாள் ஜன்னலைச் சாத்திட்டு இருட்டு ரூம்லதான் படுத்திருப்பா. 'மைக்ரேனுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி வந்துடுச்சு, ஒரே தடவையில நிரந்தரத் தீர்வு'ன்னு ஒரு ரீல் பார்த்தோம். 'நகையை அடகு வெச்சாவது பண்ணிடலாம்'னு மாமா சொல்றார். பண்ணலாமா?"

இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் மெயில் இது. அழகுக்காகச் செய்துகொள்ளும் சர்ஜரிக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்கும் தோன்றும். 'சும்மா அளந்துவிடுறாங்க' என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகவும் தோன்றும். ஆனால், இந்த ரீல் முழுப் பொய் இல்லை. இதன் பின்னால் 25 வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதே நேரம், 'ஒரே தடவையில நிரந்தரத் தீர்வு' என்ற வார்த்தைகளும் உண்மை இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சுருக்கம் போனது, தலைவலியும் போனது!

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது கிளீவ்லேண்ட் நகரம். அங்கு பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்தவர் டாக்டர் பஹ்மான் குயூரான். வயதானதால் தொங்கும் புருவத்தையும் நெற்றிச் சுருக்கத்தையும் சரிசெய்கிற 'ஃபோர்ஹெட் லிஃப்ட்' சர்ஜரி அவர் வழக்கமாகச் செய்வதுதான். அப்படிச் செய்துகொண்டவர்களில் சிலர் பிறகு செக்கப்புக்கு வந்தபோது, 'டாக்டர், சுருக்கம் போனது இருக்கட்டும்... எனக்கு இருந்த மைக்ரேன் தலைவலியும் வருவதில்லையே' என்ற ரீதியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவர் சொன்னால் தற்செயல். அடுத்தடுத்து சிலர் சொன்னால்? தன்னிடம் அந்த சர்ஜரி செய்துகொண்ட 314 பேரின் விவரங்களை எடுத்து விசாரித்தார் குயூரான். அவர்களில் 39 பேருக்கு சர்ஜரிக்கு முன்பு மைக்ரேன் இருந்திருக்கிறது. அந்த 39 பேரில் 31 பேர், தலைவலி அடியோடு போய்விட்டது அல்லது நன்றாகக் குறைந்துவிட்டது என்றார்கள். 2000-ம் ஆண்டில் இந்தக் கணக்கை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

போடாக்ஸ் வந்த பாதையும் இதேதான்

கிட்டத்தட்ட அதே காலத்தில், கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் இன்னொரு முக அழகு சர்ஜன், டாக்டர் வில்லியம் பைண்டர். முகச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர், தலைவலி குறைந்திருப்பதாக அவரிடமும் சொன்னார்கள். அவரும் 2000-ம் ஆண்டில் அதைக் கட்டுரையாக எழுதினார்.

போடாக்ஸ் கதை அதன் பிறகு முறைப்படி நகர்ந்தது. மொத்தம் 1,384 நோயாளிகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்ட டாக்டருக்கும் தெரியாது. மாதத்தில் சுமார் 20 நாள் தலைவலியோடு இருந்தவர்கள் இவர்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தபோது, உண்மை ஊசி போட்டவர்களுக்கு மாதத்தில் 8.4 தலைவலி நாள்கள் குறைந்திருந்தன. வெறும் ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவு தெரியுமா? 6.6 நாள்கள்!

அதாவது, மருந்து கொடுத்த கூடுதல் லாபம் மாதத்துக்குச் சுமார் 2 நாள். கேட்பதற்குக் கொஞ்சமாக இருக்கலாம். மாதத்தில் 20 நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால்தான் அந்த 2 நாளின் அருமை தெரியும். 2010 அக்டோபரில், நாள்பட்ட மைக்ரேனுக்கு போடாக்ஸைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நெற்றி, பொட்டு, பின்னந்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் சின்னச் சின்ன ஊசிகள். 12 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களுக்குத்தான் இது. எப்போதாவது மைக்ரேன் வருபவர்களுக்கு போட்டுப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை.

சர்ஜரியில் என்ன செய்கிறார்கள்?

போடாக்ஸ் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்திவைக்கிறது. அந்தத் தசையையே எடுத்துவிட்டால் பலன் நிரந்தரமாகிவிடாதா? இதுதான் குயூரானின் யோசனை.

கோபம் வந்தால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் கோடு விழுகிறதல்லவா, அதற்குக் காரணமான சின்னத் தசையின் வழியாகத்தான் நெற்றிக்குப் போகும் உணர்வு நரம்புகள் செல்கின்றன. தசை இறுகி அந்த நரம்பை அழுத்துவதுதான் சிலருக்கு மைக்ரேனைத் தூண்டிவிடுகிறது என்பது இவர்களின் கருத்து. இப்படி நான்கு இடங்களைச் சொல்கிறார்கள்: புருவ மத்தி, பொட்டு, பின்னந்தலை, மூக்கின் உள்பக்கம். வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று நோயாளியிடம் கேட்டு, போடாக்ஸோ மரத்துப்போகும் ஊசியோ போட்டுப் பார்த்து இடத்தை முடிவுசெய்கிறார்கள். புருவ மத்தி என்றால் அந்தத் தசையை எடுப்பார்கள். பொட்டு என்றால் அங்குள்ள ஒரு சின்ன நரம்பை வெட்டிவிடுவார்கள். பின்னந்தலை என்றால் நரம்பைச் சுற்றியிருக்கும் தசையில் கொஞ்சத்தை எடுத்து நரம்புக்கு வழிவிடுவார்கள். மூக்கு என்றால் வளைந்திருக்கும் நடுச்சுவரைச் சரிசெய்வார்கள். மூளையில் கை வைப்பதே இல்லை.

பொய் சர்ஜரி வைத்து ஒரு பரீட்சை

மாத்திரையைச் சோதிக்க சர்க்கரை மாத்திரை கொடுக்கலாம். சர்ஜரியை எப்படிச் சோதிப்பது? பொய் சர்ஜரி செய்துதான்! கேட்கவே ஒரு மாதிரி இருந்தாலும், அப்படி ஒரு முறை இருக்கிறது. நோயாளிகளின் சம்மதம் வாங்கிக்கொண்டு, குயூரான் குழுவினர் அதைச் செய்தார்கள். முடிவுகள் 2009-ல் வெளிவந்தன.

மொத்தம் 75 பேர். 49 பேருக்கு உண்மையான சர்ஜரி. 26 பேருக்குத் தோலைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, தசையையும் நரம்பையும் தொடாமல் மூடித் தையல் போட்டார்கள். தனக்கு எது நடந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள்.

* தலைவலி அடியோடு போனது: உண்மை சர்ஜரியில் 49-ல் 28 பேருக்கு (57.1%). பொய் சர்ஜரியில் 26-ல் ஒரே ஒருவருக்கு (3.8%).

* தலைவலி பாதிக்குப் பாதியாவது குறைந்தது: உண்மை சர்ஜரியில் 41 பேருக்கு (83.7%). பொய் சர்ஜரியில் 15 பேருக்கு (57.7%).

ரீல்ஸில் இந்த 57.1, 83.7 இரண்டும்தான் பெரிய எழுத்தில் வரும். நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது கடைசி எண். தோலைத் திறந்து மூடியதைத் தவிர எதுவுமே செய்யாத 26 பேரில் 15 பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்திருக்கிறது!

'அப்போ அவங்களுக்கு இருந்தது உண்மையான வலி இல்லையா, மனப்பிரமையா?' என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். மைக்ரேன் உள்ளவர்கள் வீட்டிலேயே போதுமான அளவுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாயிற்று. வலி உண்மை. குறைந்ததும் உண்மை. மைக்ரேன் ஏறி இறங்கும் நோய். சில மாதம் படுத்தி எடுக்கும், சில மாதம் தானாகவே தணியும். ஒருவர் சர்ஜரி வரை யோசிப்பது, வலி உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு. அதோடு, குணமாகிவிடும் என்ற நம்பிக்கையே மூளை வலியை உணரும் விதத்தை மாற்றும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 15 பேர்.

அதனால்தான், 'நான் பண்ணிக்கிட்டேன், எனக்குச் சரியாயிடுச்சு' என்று ஒருவர் கேமரா முன்னால் கண்கலங்கிச் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அவருக்குச் சரியானது எதனால் என்று அவருக்கே தெரியாது.

சரி, அடியோடு போனவர்களின் கணக்கில் 28-க்கும் 1-க்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதே? இருக்கிறது. அதனால்தான் இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால், அதிலும் ஒரு சிக்கல். புருவ மத்தித் தசையை எடுத்துவிட்டால் முன்பு போல புருவத்தைச் சுளிக்க முடியாது. கண்ணாடியில் பார்த்தாலே, 'நமக்கு உண்மை சர்ஜரிதான் செய்திருக்கிறார்கள்' என்று ஒருவர் ஊகித்துவிடலாம். ஊகித்துவிட்டால் பரீட்சையின் ரகசியம் அங்கேயே உடைந்தது. ஆய்வில் இருந்தவர்களும் வெறும் 75 பேர். அதுவும் வலி குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறது என்று வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். மைக்ரேன் உள்ள எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

'நிரந்தரம்' என்ற வார்த்தைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதே குழு, சர்ஜரி செய்துகொண்ட 69 பேரை 5 வருடம் கழித்துப் பார்த்தது. 88% பேருக்குப் பலன் தொடர்ந்தது. ஆனால், தலைவலி அடியோடு இல்லை என்று சொன்னவர்கள் 29% பேர்தான். ரீல் சொல்லும் 'நிரந்தரத் தீர்வு', சர்ஜரியைக் கண்டுபிடித்தவரின் சொந்தக் கணக்கிலேயே 10 பேரில் 3 பேருக்குத்தான்.

பக்க விளைவுகளும் உண்டு. பொட்டுப் பகுதியில் சர்ஜரி செய்துகொண்ட 19 பேரில் 10 பேருக்கு அந்த இடத்தில் லேசாகக் குழி விழுந்தது. நெற்றி அல்லது தலைத்தோல் மரத்துப்போவது, அரிப்பு, வெட்டிய இடத்தில் முடி உதிர்வது ஆகியவையும் நேரலாம். மயக்க மருந்தின் ரிஸ்க் எந்த சர்ஜரிக்கும் பொது.

இதே மாதிரி இன்னொரு கதை இருந்தது

இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில், பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னத் துளை சிலருக்கு மூடாமலே இருந்துவிடும். பக்கவாதம் போன்ற வேறு காரணங்களுக்காக அதை அடைத்துக்கொண்டவர்களில் சிலர், 'மைக்ரேன் போய்விட்டது' என்றார்கள். குயூரானிடம் சொன்ன அதே வகைச் செய்தி. நம்பிக்கை பரவியது.

பிரிட்டனில் அதற்கும் பொய் சிகிச்சை வைத்துப் பரீட்சை செய்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. துளையை உண்மையாகவே அடைத்த 74 பேரில் மைக்ரேன் முழுவதும் நின்றது 3 பேருக்கு. அடைக்காமல் அடைத்தது போலக் காட்டிய 73 பேரிலும் 3 பேருக்கு! வித்தியாசமே இல்லை. 'எனக்குப் போயிடுச்சு' என்று சொன்ன அத்தனை பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனாலும், காரணம் அந்த அடைப்பு இல்லை.

நெற்றி சர்ஜரி இந்தப் பரீட்சையில் இதைவிட நன்றாகவே மார்க் வாங்கியிருக்கிறது. ஆனால், டிஸ்டிங்ஷன் என்று ரீல் போடும் அளவுக்கு இன்னும் இல்லை.

டாக்டர்களே இரண்டு கட்சி

தலைவலி சிகிச்சை நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கத் தலைவலிச் சங்கம், 2013-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. 'தேவையில்லாமல் செய்யாதீர்கள்' என்று டாக்டர்களுக்குச் சொல்லும் பட்டியல் அது. ஆராய்ச்சிக்கு வெளியே மைக்ரேனுக்கு இந்த சர்ஜரியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கமோ, 2018-ல், சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இது ஏற்கத்தக்க சிகிச்சைதான் என்று அறிவித்தது.

ஒரு மாத்திரை விற்பனைக்கு வர வேண்டும் என்றால், அரசு அமைப்பிடம் ஆய்வுகளைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஒரு புது சர்ஜரி முறைக்கு அமெரிக்காவிலும் அப்படித் தனி அனுமதி கிடையாது. அதனால்தான், 'போடாக்ஸுக்கு அனுமதி இருக்கு, அதனால சர்ஜரிக்கும் இருக்கு' என்று யாராவது சேர்த்துச் சொன்னால் உஷாராக வேண்டும். இரண்டும் வேறு வேறு.

மூளை நரம்பியல் டாக்டர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்ரேன் என்பது அடிப்படையில் மூளையின் இயல்பு சார்ந்த, பரம்பரையாக வரக்கூடிய நோய். வலியைக் கடத்தும் நரம்புகளிலிருந்து சுரக்கும் 'சி.ஜி.ஆர்.பி' என்ற புரதப்பொருள் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று கண்டறிந்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021-ல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய விருது, 'பிரெய்ன் பிரைஸ்' கிடைத்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. போடாக்ஸ்கூட தசையைத் தளர்த்துவதோடு நிற்காமல், நரம்பு நுனிகளிலிருந்து இந்தப் பொருள் வெளியேறுவதைத் தடுப்பதால்தான் வேலை செய்கிறது என்கிறார்கள். அப்படியானால், தசையை வெட்டுவது பிரச்னையின் வேரைத் தொடுகிறதா என்ற கேள்வி வருமில்லையா?

சரி, அக்காவுக்கு என்ன சொல்வது?

நகையை இப்போதைக்கு பீரோவிலேயே வையுங்கள். சர்ஜரி என்பது கடைசிக் கதவு. அதற்கு முன்னால் பல கதவுகள் இருக்கின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் அவற்றைத் தட்டியே பார்ப்பதில்லை.

பெங்களூரு நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 2,329 பேரிடம் எடுக்கப்பட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் சுமார் 25%. பெண்களில் 32%. பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பித்தம், சூடு, பட்டினி கிடந்தது, தலைக்குக் குளித்தது என்று ஏதாவது ஒரு பெயர் சொல்லி, தைலத்தைத் தடவிக் காலத்தை ஓட்டுகிறோம்.

முதல் கதவு: இது மைக்ரேன்தானா? துடிப்பது போன்ற வலி, வாந்தி அல்லது குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, வேலை செய்தால் வலி கூடுவது, 4 மணி நேரம் முதல் 3 நாள் வரை நீடிப்பது ஆகியவை மைக்ரேனின் அடையாளங்கள். 'ஒற்றைத் தலைவலி' என்று பெயர் இருந்தாலும் இரண்டு பக்கமும் வரலாம். 'எனக்கு சைனஸ் தலைவலி' என்று சொல்பவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவில் அப்படிச் சொல்லிக்கொண்ட 2,991 பேரைப் பரிசோதித்தபோது, 88% பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி!

இரண்டாவது கதவு: மாத்திரைக் கணக்கு. இதுதான் மிக முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மாத்திரை அல்லது பல மருந்து கலந்த வலி மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். வலி வருகிறது என்று மாத்திரை, மாத்திரையால் மறுபடி வலி. இந்தச் சுழலில் இருப்பவருக்கு எந்தச் சிகிச்சையும் முழுதாகப் பலன் தராது. நிறுத்துவதும் டாக்டர் உதவியோடுதான் நடக்க வேண்டும். ஆரம்ப நாள்களில் வலி கூடும் என்பதால் பலர் பாதியில் பயந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கதவு: தடுப்பு மாத்திரை. வலி வந்த பிறகு போடுவது ஒன்று. வராமல் இருக்கத் தினமும் போடுவது இன்னொன்று. இரண்டாவது வகை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃபுளுனாரிசின் போன்றவை பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளவை. புரோப்ரனலால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. டோபிராமேட் கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிப் போடக் கூடாது.

இந்த மாத்திரைகள் வேலையைக் காட்ட 2 முதல் 3 மாதமாவது ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு 'ஒண்ணும் கேட்கலை' என்று நிறுத்திவிட்டு, அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று போவதுதான் பல வீடுகளின் கதை.

நான்காவது கதவு: டைரி. கையில் போன் இருக்கிறதே! தலைவலி வந்த நாள், எத்தனை மணி நேரம், முந்தைய இரவு தூங்கியது எவ்வளவு, எந்த வேளை சாப்பாடு தப்பியது, மாதவிடாய் தேதி, போட்ட மாத்திரை... இவ்வளவுதான். மூன்று மாதம் நோட்ஸில் குறித்துவைத்தால், பத்து வருட ஸ்கேன் ஃபைலைவிட டாக்டருக்கு உதவியாக இருக்கும். 'மாசத்துல பாதி நாள்' என்பது உண்மையில் 9 நாளா, 16 நாளா என்பதே சிகிச்சையை மாற்றும். 15 நாளைத் தாண்டினால் போடாக்ஸ் பற்றிப் பேசலாம். அதற்குக் கீழே என்றால் அது தேவையில்லை.

இதற்கெல்லாம் போக வேண்டியது மூளை நரம்பியல் டாக்டரிடம். தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவுகள் இருக்கின்றன. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள்.

அதன் பிறகும் சர்ஜரி பற்றி யோசித்தால்...

எல்லாக் கதவையும் தட்டிய பிறகும் வலி விடாமல் துரத்தும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சர்ஜரி பற்றி யோசிப்பதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு சர்ஜன் முன்னால் உட்காரும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. என்னை ஒரு நரம்பியல் டாக்டர் பார்த்து, மைக்ரேன்தான் என்று உறுதிசெய்திருக்கிறாரா?

2. எத்தனை தடுப்பு மருந்துகளை, எத்தனை மாதம் முயன்றுபார்த்த பிறகு இதைச் சொல்கிறீர்கள்?

3. என் வலி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? ஊசி போட்டுச் சோதித்தீர்களா?

4. நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஒரு வருடம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

5. பலன் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன? எடுத்த தசையைத் திரும்ப வைக்க முடியுமா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். முடியாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். போடாக்ஸ் மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும். வெட்டிய நரம்பும் எடுத்த தசையும் பழையபடி திரும்பாது. 'இன்னிக்கே புக் பண்ணினா ஆஃபர்' என்று எவராவது சொன்னால், கேள்வி கேட்கக்கூட வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தலைவலி என்றால் காத்திருக்காதீர்கள்!

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டைரியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* இடி விழுந்தது போல, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி.

* காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.

* கை, கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு.

* தலையில் அடிபட்ட பிறகு வரும் தலைவலி.

* 50 வயதுக்கு மேல் முதன்முறையாக ஆரம்பிக்கும் தலைவலி.

* கர்ப்பக் காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலோ புதிதாக வரும் கடுமையான தலைவலி. 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டிருக்கக்கூடும்.

தோழிகளுக்கு இன்னொன்று. தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள், பளபளப்பான புள்ளிகள் தெரியும் வகை மைக்ரேன் உங்களுக்கு இருந்தால், கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இந்த வாரத் தீர்ப்பு: ரீல் சொன்னதில் பாதி ரியல். சர்ஜரி இருக்கிறது, சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. 'எல்லோருக்கும்', 'நிரந்தரம்' என்ற இரண்டும் ரியல் இல்லை.

உங்கள் ஃபேமிலி குரூப்பில் சுற்றும் மருத்துவ ரீல் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு ரீலோடு சந்திக்கலாம். அதுவரை, உங்கள் வீட்டில் யாராவது ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால், 'எப்பப் பார்த்தாலும் தலைவலிதானா?' என்று கேட்காமல், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவையுங்கள்.